சட்டத்துக்குள் நின்று வாதாடிய காயிதே மில்லத்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

காயிதே மில்லத் என்ற பெயரை நம் சங்கத்துக் குடும்பங்களில் அறுபதைத் தாண்டிய பெரியவர்களிடம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால், பாகிஸ்தானை உண்டாக்கியவர்தானே என்று கேட்கிறார்கள். அவர் காயிதே அஸம் முஹம்மது அலி ஜின்னா. நான் எழுதப்போவது நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களைப் பற்றி. காயித் என்றால் தலைவர், மில்லத் என்றால் சமுதாயம். சமுதாயத் தலைவர் என்பதுதான் பட்டத்தின் பொருள். தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் கண்ணியத்திற்குரிய என்ற அடைமொழியோடுதான் அவர் பெயரைச் சொல்வார்கள்.

மலர்க் குழுவினர் ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னபோது நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் ஆலிமும் இல்லை, வக்கீலும் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கிவிட்டுக் கடை நடத்துகிற வியாபாரி. ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைகளில், கல்யாண வீடுகளில், தராவீஹ் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நிக்காஹ் என்பது அல்லாஹ்வுக்கு முன் நடக்கிற ஒப்பந்தம், இரண்டு சாட்சி போதும், அரசாங்கக் காகிதம் எதற்கு என்று ஒருவர் ஆரம்பிப்பார். தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போய் நிக்காஹ் செய்துகொண்டு வந்தவர்களின் கதையை இன்னொருவர் சொல்வார். ஜகாத் கொடுத்துவிட்டேன், வருமான வரி எனக்கு எதற்கு என்று மூன்றாமவர் கேட்பார். மார்க்கம் ஒருபக்கம், நாட்டுச் சட்டம் ஒருபக்கம், நடுவில் நாம் என்பது போலப் பேச்சு ஓடும். இந்தக் கேள்வியை ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தையே எழுதுகிற சபையில் எழுந்து நின்று சந்தித்த தமிழ் முஸ்லிம் இவர்.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர், மார்க்கக் கல்வி பெற்ற மௌலவி. வீட்டிலேயே ஓதல், வெளியே ஆங்கிலப் பள்ளி என்று இரண்டும் சேர்ந்து வளர்ந்த பிள்ளை. பதின்மூன்று வயதிலேயே பேட்டையில் இளைஞர்களுக்காக ஒரு முஸ்லிம் சங்கத்தைத் தொடங்கினார். திருநெல்வேலியில் படித்துவிட்டு, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரிக்கும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் போனார். பாதிரிமார்கள் நடத்திய கல்லூரிகளில் படித்தும் தொழுகையை விடாத மாணவர் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயமாக இருந்ததா என்று தெரியவில்லை, இன்று நம் பிள்ளைகள் தனியார் கல்லூரிகளில் செய்வதுதான்.

1920இல் பி.ஏ. தேர்வு எழுத வேண்டிய நேரம். கிலாபத் இயக்கமும் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கமும் நாடெங்கும் பற்றி எரிந்தன. பிரிட்டிஷாரின் கல்லூரி வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், பட்டம் வேண்டாம் என்ற அழைப்பை ஏற்று, தேர்வு எழுதாமல் இஸ்மாயில் சாகிப் வெளியே வந்துவிட்டார். பின்னாளில் சட்டத்தை மதித்தவர் என்று பெயரெடுத்த இவர், பொது வாழ்வைத் தொடங்கியது அரசாங்கத்துக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்று சொல்லித்தான். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது சரியல்ல. அவர் கண்மூடித்தனமாகக் கீழ்ப்படிகிறவர் அல்லர். ஆனால் அவருடைய எதிர்ப்பு கல்லெடுத்து எறிவதாக இருக்கவில்லை. தனக்கு வரவேண்டிய பட்டத்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தது. நஷ்டம் அவருக்குத்தான், பிறருக்கல்ல.

அதன்பின் சென்னையில் ஜமால் முஹம்மது சாகிபின் தோல் வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்துச் சென்னையில் தோல் பதனிடுவதும் ஏற்றுமதி செய்வதும் பெரும்பாலும் முஸ்லிம்கள் கையில் இருந்த தொழில். ஜமால் முஹம்மது என்றால் வணிக உலகத்தில் பெரிய பெயர், திருச்சியில் உள்ள கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் அங்கே படித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தோல் வியாபாரத்தில்தான் இஸ்மாயில் சாகிப் கணக்கு வழக்கு, சரக்கு, ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் கற்றார். வியாபாரி என்ற முறையில் எனக்கு இந்தப் பகுதி பிடிக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு விலை மாறிப்போய்விட்டது என்று பின்வாங்க முடியாது என்ற பாடத்தைச் சந்தை கற்றுக்கொடுப்பதுபோல் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காது. அவருடைய பிந்தைய அரசியலைப் பார்க்கும்போது அந்தத் தோல் மண்டியின் வாசம் எனக்கு அடிக்கிறது.

1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். 1946 தேர்தலில் சென்னைச் சட்டசபையில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் ஏறத்தாழ அத்தனையையும் லீக் வென்றது, 28 இடங்கள். இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவராக 1952வரை அமர்ந்தார்.

நடுவில் 1947 வந்தது. நாடு பிரிந்தது. பாகிஸ்தான் கேட்ட கட்சியின் தலைவர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள். இங்கே இருந்துவிட்ட கோடிக்கணக்கான முஸ்லிம்களின் நிலை என்ன? நேற்றுவரை பிரிவினை கேட்ட கட்சியின் ஆட்கள் என்ற சந்தேகப் பார்வை ஒருபக்கம். அரசியலே வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவோம் என்று சொந்தச் சமுதாயத்தாரே சொன்னது இன்னொரு பக்கம். வடக்கே பல மாகாணங்களில் லீகைக் கலைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் 1948 மார்ச் 10ஆம் நாள் இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அறிந்த சென்னை மண்டபத்தில் கூட்டம் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தோன்றியது. தலைவர் இஸ்மாயில் சாகிப். பெயரில் இந்திய யூனியன் என்று வந்ததைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்ட, இந்த நாட்டின் எல்லைக்குள் அடங்கிய கட்சி இது என்று பெயர்ப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள்.

அதே ஆண்டு அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். இங்கேதான் நம் கட்டுரையின் மையம் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1948 நவம்பர் 23. அரசியல் சட்ட வரைவின் 35ஆம் பிரிவு விவாதத்துக்கு வந்தது. நாடு முழுவதும் எல்லாக் குடிமக்களுக்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது அந்தப் பிரிவு. சிவில் சட்டம் என்றால் திருமணம், மணவிலக்கு, சொத்துப் பங்கு, வாரிசு போன்ற குடும்ப விஷயங்களும் அதில் அடங்கும். இஸ்மாயில் சாகிப் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனக்கென்று தனியார் சட்டம் வைத்திருக்கிற எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வரியைச் சேர்க்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். முஸ்லிம் என்ற சொல்லையே அவர் அதில் போடவில்லை. எந்தச் சமூகமும் என்றுதான் போட்டார்.

அவர் வைத்த வாதத்தின் சாரம் இதுதான். தனியார் சட்டம் என்பது ஒரு மக்களின் வாழ்க்கை முறையின் பகுதி, மதத்தின் பகுதி. அதைத் தொட்டால் தலைமுறை தலைமுறையாக வந்த வாழ்வைத் தொடுவதாகும். ஒற்றுமை வேண்டும் என்பதற்காக எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கத் தேவையில்லை, கட்டாயப்படுத்தினால் ஒற்றுமைக்குப் பதில் மனக்கசப்புத்தான் வரும். இதற்கு ஐரோப்பாவிலேயே முன்னுதாரணம் உண்டு என்று யூகோஸ்லாவியாவை எடுத்துக் காட்டினார். முதல் உலகப் போருக்குப் பிறகு உண்டான அந்த நாடு, தன் முஸ்லிம் குடிமக்களின் குடும்பச் சட்டத்தை மதிப்பதாக உடன்படிக்கையிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. பேட்டையில் பிறந்து தோல் மண்டியில் வளர்ந்தவர், யூகோஸ்லாவியாவின் உடன்படிக்கையைப் படித்துவிட்டு வந்து நிற்கிறார். சும்மா உணர்ச்சிவசப்பட்டுப் பேசவில்லை.

சென்னையிலிருந்தே போயிருந்த பி. போக்கர் சாகிப், மஹபூப் அலி பேக் போன்றவர்களும் அதே பக்கம் பேசினார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். கே.எம். முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கடைசியில் டாக்டர் அம்பேத்கர். அம்பேத்கர் சொன்ன பதிலை நாம் ஒளிக்காமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் நமக்குச் சுருக்கென்று தைக்கிற உண்மை இருக்கிறது. ஷரீஅத் இந்தியா முழுவதும் ஒரே மாதிரி பின்பற்றப்பட்டு வந்தது என்பது சரியல்ல என்றார் அவர். வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1935வரை முஸ்லிம்கள் ஷரீஅத் சட்டத்தின்கீழ் இல்லை. வட மலபாரில் முஸ்லிம்கள் உட்பட எல்லோருக்கும் மருமக்கள் தாயம்தான், அதாவது சொத்துப் பெண்வழியாகப் போகிற முறைதான் நடந்து வந்தது. இதையெல்லாம் அடுக்கிவிட்டு, வருங்காலத்தில் பாராளுமன்றம் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தாலும் தாமாக முன்வந்து ஏற்பவர்களுக்கு மட்டும் என்று தொடங்க முடியும், அஞ்ச வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. கோலாலம்பூரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் நெகிரி செம்பிலான். அங்கே அடாட் பெர்பாத்தே மரபின்படி குலத்து நிலம் தாய்வழியில் பெண்களுக்குப் போகிறது. அவர்களும் ஐவேளைத் தொழுகிற முஸ்லிம்கள்தான். வழக்கமும் ஷரீஅத்தும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பது எல்லா ஊரிலும் உள்ளது.

வாக்கெடுப்பில் திருத்தம் தோற்றது. அந்தப் பிரிவு அப்படியே நிறைவேறி இன்று 44ஆம் பிரிவாக இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1949 மே மாதம், முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி தொடர வேண்டும் என்று அவர் கொண்டுவந்த திருத்தமும் தோற்றது. அதில் அவரை எதிர்த்துப் பேசியவர்களில் முஸ்லிம் உறுப்பினர்களும் இருந்தார்கள், பேகம் ஐஜாஸ் ரசூல் அவர்களில் ஒருவர். சர்தார் பட்டேலின் பேச்சு கடுமையாக இருந்தது. தேசிய மொழி விவாதத்தில், பழமைதான் தகுதி என்றால் தமிழ் போன்ற திராவிட மொழிகளுக்கே அந்த உரிமை என்று வாதாடினார். அதுவும் நடக்கவில்லை. கேட்ட பெரிய விஷயங்கள் ஒன்றுக்கும் சபையில் வெற்றி கிடைக்கவில்லை என்றே சொல்லலாம்.

தோற்ற பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சபையை விட்டு வெளிநடப்புச் செய்துவிட்டு, இந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிக்கை விட்டிருக்கலாம். அப்படிச் செய்ய அவரைத் தூண்டியவர்கள் இருந்திருப்பார்கள். அவர் செய்யவில்லை. 1950 ஜனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1952இல் மாநிலங்கள் அவை உறுப்பினரானார். பாராளுமன்றத்தில் அமர்கிற எவரும் அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும், கடவுள் பெயரால் எடுக்கலாம் அல்லது மனசாட்சிப்படி எடுக்கலாம். தன் திருத்தத்தைத் தள்ளிவிட்ட அதே அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று அவரும் உறுதிமொழி எடுத்தார். வேண்டாம் என்று வாதாடிய கூட்டுத் தொகுதி முறையிலேயே பின்னர் தேர்தலில் நின்றார்.

இது கொள்கையை விட்டுக்கொடுத்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. ஹுதைபிய்யா உடன்படிக்கையை மதரஸாவில் படித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. மக்காவிலிருந்து தப்பி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனைக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சம்மதித்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் சங்கிலியோடு ஓடி வந்தார்கள். ஸஹாபாக்களின் நெஞ்சு பதைத்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டபடி திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கும் முன்பு அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனவர்கள் ஒரு கிறிஸ்தவ மன்னரின் ஆட்சியில் அவருடைய நாட்டு ஒழுங்குக்கு உட்பட்டுத்தான் வாழ்ந்தார்கள். ஒரு நாட்டில் குடியிருப்பதே ஓர் உடன்படிக்கை என்று இந்தியாவின் உலமாக்களில் பலர் சொல்லி வந்தார்கள். காயிதே மில்லத் அவர்களும் இந்த வழியில் நின்றவராகவே எனக்குத் தெரிகிறார்.

படைத்தவனுக்கு மாறு செய்யச் சொல்கிற விஷயத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டம் ஒரு பாவத்தைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது வேறு, மார்க்கம் அனுமதித்த ஒன்றுக்குப் பதிவு, அனுமதி, வயது வரம்பு என்று ஒழுங்கு வைப்பது வேறு. நம் டீக்கடைப் பேச்சில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். இஸ்மாயில் சாகிப் அவர்கள் சபையில் கேட்டது முதல் வகைக்கு எதிரான பாதுகாப்பை. கட்டாயப்படுத்தாதீர்கள் என்பதுதான் அவருடைய திருத்தத்தின் உயிர்ச்சொல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடும்வரை அந்தக் கட்டாயம் வரவில்லை. 44ஆம் பிரிவு அரசுக்கு வழிகாட்டும் நெறிதான், அதை வைத்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிறைவேற்றச் சொல்ல முடியாது. ஆகவே சட்டமா ஈமானா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கடைசிச் சோதனை அவருக்கு வாய்க்கவில்லை. வந்திருந்தால் 1920இல் பட்டத்தை விட்ட அந்த மாணவர்தான் திரும்பவும் எழுந்திருப்பார் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் இந்தியாவில் ஷா பானு வழக்கு 1985இல் வந்தது, முத்தலாக் சட்டம் 2019இல் வந்தது, உத்தராகண்ட் மாநிலம் 2024இல் பொது சிவில் சட்டமே நிறைவேற்றிவிட்டது. அவர் 1948இல் அஞ்சிய விவாதம் இன்னும் முடியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. 1937இல் பிரிட்டிஷ் இந்தியாவில் ஷரீஅத் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். எதற்காக? முஸ்லிம்கள் தங்கள் குடும்ப விஷயங்களில் ஊர் வழக்கத்தைப் பின்பற்றி ஷரீஅத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக. பல இடங்களில் வழக்கம் என்ற பெயரால் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் தந்த பங்கு கிடைக்கவில்லை. ஆக, வழக்கத்தை ஒதுக்கி ஷரீஅத்தை நடைமுறைப்படுத்தியது ஆலிம்களின் பத்வா அல்ல, சட்டசபை இயற்றிய சட்டம். அதிலும் விவசாய நிலத்தை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. சென்னை மாகாணத்தில் 1949இல் திருத்தம் வந்துதான் விவசாய நிலமும் அதற்குள் அடங்கியது. இஸ்மாயில் சாகிப் அப்போது அந்தச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர். ஊரில் வயலும் தோப்பும் விட்டுவிட்டு இங்கே வந்த நம் பாட்டனார்மாரின் குடும்பங்களில், தங்கைக்கும் அக்காவுக்கும் அந்த வயலில் பங்கு பிரித்துக் கொடுத்தார்களா என்று கேட்டால் எத்தனை வீட்டில் உடனே பதில் வரும்? சட்டம் மார்க்கத்துக்கு எதிரி என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம்.

அவருடைய தொகுதியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1962, 1967, 1971 என்று மூன்று முறை கேரளத்து மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். மலையாள நாட்டில் ஒரு தமிழருக்கு வாக்கு. பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார் என்று இன்றும் சொல்வார்கள். அந்த மஞ்சேரி வட்டாரம் எது தெரியுமா? 1921இல் மாப்பிள்ளைமார் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் ஜமீன்தார்களுக்கும் எதிராக ஆயுதம் எடுத்த ஏறநாடு. அந்த ஆண்டு நவம்பரில் திரூரிலிருந்து சரக்கு வண்டிப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகப்பட்ட கைதிகளில் ஏறத்தாழ எழுபது பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்கும் அந்தமானுக்கும் போனார்கள். இருபக்கமும் சிந்திய இரத்தம் அந்த மண்ணில் இருந்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே மக்கள், சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிற அமைதியான ஒரு மனிதரைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பினார்கள். 1969இல் மலப்புரம் தனி மாவட்டமாக ஆனது துப்பாக்கியால் அல்ல, கூட்டணி அரசியலால்.

1962இல் சீனா எல்லையில் போர் தொடுத்தபோது, தம் ஒரே மகனைப் படைக்கு அனுப்பத் தயார் என்று பிரதமர் நேருவுக்கு எழுதியதாகச் சமுதாயத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. விசுவாசத்தைச் சந்தேகித்தவர்களுக்கு அவர் மேடையில் பதில் சொன்னதைவிட இது பெரிது. அவருடைய கட்சியும் நேருவின் கட்சியும் அரசியலில் எதிரும் புதிருமாக இருந்த காலம் அது. 1967இல் அறிஞர் அண்ணாவோடு கூட்டணி வைத்துத் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி போவதற்குத் துணை நின்றார். ஆட்சியை எதிர்ப்பதும் நாட்டுக்கு உண்மையாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மலேசியாவில் நம் நிலைமை இந்திய முஸ்லிம்களின் நிலைமைக்கு நேர் எதிர். அங்கே இஸ்மாயில் சாகிப் கேட்டும் எழுத்தில் கிடைக்காத பாதுகாப்பு, இங்கே அரசியலமைப்பிலேயே இருக்கிறது. முஸ்லிம்களின் குடும்பச் சட்டம் மாநிலங்களின் கையில், ஷரியா நீதிமன்றங்களின் கையில். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976இல் ஒரே திருமணச் சட்டம் இயற்றி 1982இல் நடைமுறைப்படுத்தினார்கள், அது நம்மைத் தொடவில்லை. அப்படியிருந்தும் நம்மவர்கள் தாய்லாந்துக்கு ஏன் ஓடுகிறார்கள்? முதல் மனைவிக்குத் தெரியாமல் இரண்டாம் நிக்காஹ் செய்ய, அல்லது பெண்வீட்டார் சம்மதம் இல்லாமல் செய்ய. கூட்டரசுப் பிரதேசத்தின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் இதைத் தெளிவாக வைத்திருக்கிறது. மார்க்கப்படி சரியான நிக்காஹ் என்றால் நீதிமன்ற உத்தரவோடு பின்னால் பதிவு செய்யலாம், ஆனால் விதியை மீறியதற்கு அபராதமோ சிறையோ தனி. சிலாங்கூரிலும் இதே போன்ற ஏற்பாடுதான். அதாவது நிக்காஹ்வை அது மறுக்கவில்லை, மறைவைத்தான் தண்டிக்கிறது. பதிவில்லாத நிக்காஹ்வில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க அலைந்த தாயைக் கேட்டால் அந்தக் காகிதம் எதற்கு என்று சொல்வாள். கணவர் இறந்த பிறகு பராயிட் பங்குக்கு அலைந்தவளையும் கேட்கலாம்.

ஜகாத் பேச்சுக்கும் இங்கே பதில் உண்டு. முறையான வசூல் மையத்தில் தனிநபர் செலுத்துகிற ஜகாத்தை, கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்தே கழித்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ரசீதை வைத்திருந்தால் போதும். உண்டியலில் போட்டுவிட்டு வந்து வரியைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் இதை ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் காயிதே மில்லத் அவர்கள் சென்னையில் வஃபாத் ஆனார்கள். அப்போதும் மஞ்சேரியின் மக்களவை உறுப்பினர்தான். சென்னை அண்ணாசாலையில் உள்ள அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது. ஒரு காலத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் அவர் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பெரிய சொத்து எதையும் விட்டுச் செல்லாமல் எளிமையாகவே வாழ்ந்து முடித்தார் என்பதை எதிர்க்கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சரக்கு வாங்கச் சென்னைக்குப் போகிற நம் வியாபாரிகள் பலர் திருவல்லிக்கேணியில்தான் அறை எடுத்துத் தங்குவோம். அங்கே வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறது, பெரிய பள்ளி என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, அந்தப் பள்ளிவாசல் வளாகத்திலேயே அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. அடுத்த முறை போகிறவர்கள் நின்று ஒரு பாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள். அல்லாஹ் அன்னாருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.